தொலைவிலிருந்து இணையதளத்தைத் திருத்துதல்: தடையைக் கண்டறியும் முறை

அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தில் பிழை நேர்ந்தால், பிழைதிருத்தத் தாள் ஒன்றைத் தயாரித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டுவது பழைய வழக்கம். இணையதளத்தில் நேர்ந்த பிழையைத் திருத்துவது அதைவிட எளிது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. திருத்த வேண்டியவரால் தளத்தினுள் நுழைய முடிந்தால் இது உண்மையே. அவரால் நுழைய இயலாதபோதோ, பிழையான செய்தி மேலும் மேலும் பலரைச் சென்றடைந்துகொண்டே இருக்கும். ஆகவே, தொலைவிலிருந்து தளத்தைத் திருத்தும் வழி அடைபட்டால் அடைப்பு எங்கே உள்ளது என்று முறையாக ஆராய்ந்தறியும் பழக்கம், களப்பணி ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் இன்றியமையாததாகும்.

இக்காலத்தில் பள்ளிகள், வேளாண் நிலையங்கள், சுகாதார நிலையங்கள் முதலியவற்றின் தளங்கள் பெரும்பாலும் 'உள்ளடக்க மேலாண்மை அமைப்பு' என்னும் மென்பொருளைக் கொண்டு நடத்தப்படுகின்றன. இவ்வமைப்பில் பக்கங்களின் எழுத்தும் படமும் ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். திருத்துவோர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து நிர்வாகப் பக்கத்தினுள் நுழைந்து, வேண்டிய மாறுதலைச் செய்து வெளியிடுவர். தளம் ஒரு நிறுவனத்துக்கு உரியதாகவும், அதைத் திருத்தும் பொறுப்பு வேறோர் ஊரிலுள்ள பணிக்குழுவுக்கு உரியதாகவும் இருப்பது சாதாரணமே.

மிகுந்துவிட்ட ஒரு பூஜ்யம்

மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாவட்டத்து வேளாண் நிலையத்தின் தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. ஜூன் மாதத்தின் நடுப்பகுதி, பருவமழை நெருங்கிவிட்டது, உழவர்கள் சோயா விதைப்புக்கு ஆயத்தமாகின்றனர். விதை நேர்த்தி பற்றிய பக்கத்தில், 'ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் மருந்து' என்று இருக்க வேண்டிய இடத்தில் '20 கிராம்' என்று பதிவாகிவிட்டது. இதன்படி நடப்பவர், 30 கிலோ விதைக்கு 60 கிராம் கலக்க வேண்டிய இடத்தில் 600 கிராம் கலப்பார். பணம் வீணாவதோடு, விதையின் முளைப்புத் திறன் கெடவும், மருந்தைக் கையாள்வோரின் உடல்நலத்துக்குத் தீங்கு நேரவும் இடமுண்டு.

தளத்தைத் திருத்தும் பொறுப்பு, நிலையத்தார் அமர்த்திய பணிக்குழுவின் ஊழியர் ஒருவரிடம் உள்ளது. அவரோ அன்று தொலைவிலுள்ள கிராமம் ஒன்றில் களப்பணியில் இருக்கிறார். உழவர் ஒருவர் பிழையைச் சுட்டிக்காட்டியதும், கைப்பேசியின் இணைய இணைப்பைத் தம் மடிக்கணினிக்குத் தந்து, நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முயல்கிறார். '403' என்ற எண்ணும், அனுமதி மறுக்கப்பட்டது என்னும் பொருள்பட ஒரு வரியுமே திரையில் தோன்றுகின்றன. முந்திய நாள் அலுவலகத்திலிருந்து அவர் இதே தளத்தில் தடையின்றி வேலை செய்திருக்கிறார்.

இத்தகைய வேளையில் பதற்றத்தால் நிகழும் தவறுகள் பல. சிலர் கடவுச்சொல்லையே குறைகூறி அதனை மாற்ற முற்படுவர். சிலர் மறுபடியும் மறுபடியும் முயன்று, பாதுகாப்பு மென்பொருளால் முற்றிலும் விலக்கப்படுவர். வேறு சிலர், தலைமை நிர்வாகியின் கடவுச்சொல்லைக் குறுஞ்செய்தியில் அனுப்புமாறு கேட்பர். இவை ஒவ்வொன்றும் முதற் குறையின் மேல் ஒரு புதுக் குறையை ஏற்றுவதால், உண்மையான காரணம் மேலும் மறைந்துபோகிறது.

முதற் கடமை

ஊழியர் முதலில் செய்ய வேண்டியது, வாசகருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுப்பதாகும். காரணம் தேடுவது அதற்கு அடுத்த வேலை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஊழியர் நிலையத்திலுள்ள எழுத்தரைத் தொலைபேசியில் அழைத்து, அப்பக்கத்தை வெளியீட்டிலிருந்து விலக்கி வரைவு நிலைக்கு மாற்றச் செய்கிறார். எழுத்தரும் அவ்வாறே செய்து, பக்கம் இப்போது இல்லை என்று தெரிவிக்கிறார்.

ஊழியர் அத்துடன் திருப்தியடையாமல், தம் கைப்பேசியில் அதே பக்கத்தைப் பொதுமக்களைப் போலத் திறந்து பார்க்கிறார். '20 கிராம்' என்ற எண் அப்படியே நிற்கிறது! எழுத்தர் சொன்னதும் பொய்யன்று. பல தளங்களில், பக்கங்களை விரைவாக அளிக்கும் பொருட்டு அவற்றின் ஆயத்தப் பிரதிகள் தனியே வைக்கப்படுகின்றன. இச்சேமிப்புக்குக் 'கேஷ்' என்று பெயர். உள்ளே நுழைந்து வேலை செய்பவர்க்குப் பெரும்பாலும் புதிய பக்கமே காட்டப்படும். வெளியிலிருந்து வருவோர்க்குப் பழைய பிரதி வழங்கப்படும். இப்பிரதியை அழிக்கும் உரிமை எழுத்தருக்கு அளிக்கப்படவில்லை. ஊழியருக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அவரோ வெளியே நிற்கிறார். ஆகவே அவர் நுழையும் வழியைத் திறந்தே ஆகவேண்டும்.

எட்டுக் கண்ணிகள்

தொலைவிலுள்ள ஒருவர் செய்யும் திருத்தம் வாசகரைச் சென்றடையும் வரை கடக்கும் வழியை, எட்டுக் கண்ணிகள் கொண்ட சங்கிலியாகக் கருதலாம்.

1. இணைப்பு. கணினிக்கு இணைய இணைப்பு இருத்தல் வேண்டும். தொடர்பில்லாத வேறொரு தளம் திறக்கிறதா என்று பார்த்து இதனை அறியலாம்.

2. பெயர். தளத்தின் பெயரை ஐ.பி. முகவரி என்னும் எண்ணாக மாற்றித் தருவது டி.என்.எஸ். அமைப்பு. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இதனை வகுத்தார். தளம் வேறு சர்வருக்கு மாற்றப்பட்ட பின்னும், பழைய முகவரி சிறிது காலம் ஆங்காங்கே நினைவில் வைக்கப்பட்டிருக்கும். அக்காலம் 86,400 விநாடி என்று குறிக்கப்பட்டிருந்தால், ஒரு நாள் வரை சிலர் பழைய இடத்துக்கே அனுப்பப்படுவர்.

3. காப்பான வழி. கணினிக்கும் சர்வருக்கும் இடையே செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது. சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். சான்றிதழின் காலவரை கடந்திருந்தாலும், கணினியின் தேதி பெரிதும் தவறாக இருந்தாலும் உலாவி எச்சரிக்கும்.

4. வாயிற்காப்பு. ஃபயர்வால் முதலிய காப்பு அமைப்புகள், குறித்த ஐ.பி. முகவரிகளிலிருந்து வருவோரை மட்டும் நிர்வாகப் பக்கத்துக்கு விடுமாறு அமைக்கப்பட்டிருக்கலாம்.

5. அடையாளம். பயனர் பெயர், கடவுச்சொல், ஒருமுறைக் குறியீடு ஆகியவை இதில் அடங்கும்.

6. உரிமை. உள்ளே நுழைந்தவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்னும் வரம்பு இது. வேர்டுபிரஸ் என்னும் அமைப்பில், 'கான்ட்ரிபியூட்டர்' நிலையிலுள்ளவர் கட்டுரையை எழுதலாம். ஆனால் வெளியிடவோ படங்களை ஏற்றவோ இயலாது. 'ஆத்தர்' நிலையினர் தம் கட்டுரைகளை வெளியிடலாம். 'எடிட்டர்' நிலையினர் பிறருடையவற்றையும் திருத்தலாம்.

7. சேமிப்பு. மாறுதல் சர்வரில் பதிவாக வேண்டும். கோப்பின் அளவு வரம்பை மீறினாலும், இடையில் இணைப்பு அறுந்தாலும் பதிவாகாது.

8. வெளியீடு. பதிவான மாறுதல் வாசகரின் திரையில் தோன்ற வேண்டும். மேலே கூறிய கேஷ் இங்கேதான் குறுக்கிடுகிறது.

கண்ணிகளை ஒவ்வொன்றாக முதலிலிருந்து ஆராய வேண்டும் என்பதில்லை. நடுவில் ஒரு சோதனை செய்தால், சங்கிலியின் ஒரு பகுதி முழுவதும் குற்றமற்றது என்று ஒரே தடவையில் தெரியவரும்.

சோதனையின் போக்கு

எடுத்துக்காட்டிலுள்ள ஊழியர் முதலில், தாம் இதுவரை காணாத பொதுப்பக்கம் ஒன்றை அதே மடிக்கணினியில் திறந்தார். அது திறந்தது. நிர்வாகப் பக்கமும் அதே பெயரில், அதே சர்வரில் உள்ளது. ஆகவே இணைப்பு, பெயர், காப்பான வழி ஆகிய மூன்று கண்ணிகளும் சரியாக உள்ளன என்பது ஒரே சோதனையால் விளங்கிற்று.

அடுத்து, தடை எந்த நிலையில் தோன்றிற்று என்பதை அவர் கவனித்தார். பயனர் பெயரைக் கேட்கும் படிவம் தோன்றுவதற்கு முன்னரே 403 வந்துவிட்டது. கேட்கப்படாத கடவுச்சொல் தவறாக இருக்க வழியில்லை. எனவே ஐந்தாம் கண்ணியும் அதற்குப் பிற்பட்டவையும் இத்தடைக்குக் காரணமாகா. எஞ்சியது நான்காவது கண்ணியாகிய வாயிற்காப்பு.

இம்முடிவை உறுதிசெய்ய, அலுவலகத்திலுள்ள சக ஊழியரை அதே பக்கத்தைத் திறந்து பார்க்குமாறு அவர் கேட்டார். அங்கே படிவம் தோன்றியது. இருவருக்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு, அவர்கள் வந்த வழி. அலுவலக இணைப்புக்கு நிலையான ஐ.பி. முகவரி உண்டு, அது அனுமதிப் பட்டியலில் உள்ளது. கைப்பேசி இணைப்பின் பொதுமுகவரியோ பலரால் ஒருங்கே பயன்படுத்தப்படுவது, அடிக்கடி மாறக்கூடியது. காவல் அமைப்பு தன் வேலையைச் சரிவரச் செய்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

கைப்பேசியின் முகவரியையும் பட்டியலில் சேர்க்கலாமே என்ற எண்ணம் இங்கு எழக்கூடும். அது தகாது. அம்முகவரி நாளை வேறொருவர் கைக்குச் செல்லும். அலுவலகத்தின் வழியாகவே தளத்தை அடையும் வி.பி.என். இணைப்பு ஒன்று ஊழியருக்கு முன்னரே அளிக்கப்பட்டிருந்தது. அதனை இயக்கியதும் படிவம் தோன்றியது.

ஆயினும் தடைகள் ஓய்ந்தபாடில்லை. கடவுச்சொல் ஏற்கப்பட்டு, ஆறு இலக்கக் குறியீடு கேட்கப்பட்டது. கைப்பேசிச் செயலி காட்டிய குறியீடு மறுக்கப்பட்டது. இக்குறியீடு நேரத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுவது. 2011-இல் வெளியான பொது விதிமுறையின்படி, சாதாரணமாக 30 விநாடிக்கு ஒரு முறை அது மாறும். சர்வரின் கடிகாரமும் கைப்பேசியின் கடிகாரமும் ஏறக்குறைய ஒத்திருந்தால்தான் இரண்டும் ஒரே குறியீட்டைத் தரும். முந்திய இரவு மின்சேமிப்பு முழுவதும் தீர்ந்த கைப்பேசியில் நேரம் கையால் வைக்கப்பட்டிருந்தது. மூன்று நிமிஷம் பிந்தியிருந்தது. நேரத்தைத் தானியங்கி முறைக்கு மாற்றியதும் புதிய குறியீடு ஏற்கப்பட்டது.

ஊழியர் உள்ளே சென்று எண்ணை '2 கிராம்' என்று திருத்தி, வெளியிட்டு, கேஷில் இருந்த பழைய பிரதியை அழித்தார். பின்னர் வி.பி.என். இணைப்பை நிறுத்திவிட்டு, பிழையைச் சுட்டிய உழவரின் கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறக்கச் செய்தார். அங்கே '2 கிராம்' என்று தெரிந்த பின்னரே, திருத்தம் முடிந்ததாக எழுத்தருக்கு அறிவித்தார். பழைய பக்கத்தின் படம் கைப்பேசிக் குழுக்களில் பரவியிருக்கக் கூடுமாதலால், முன்னர் இருந்த அளவு தவறானது என்னும் குறிப்பும் தேதியுடன் பக்கத்தின் தலைப்பில் சேர்க்கப்பட்டது.

விடைக்குறிகளைப் படித்தல்

சர்வர் தரும் மூன்று இலக்க எண்கள் பொருளற்றவை அல்ல. 4 என்று தொடங்குவது, கேட்ட விதத்திலோ கேட்டவரின் அனுமதியிலோ குறை என்பதைக் காட்டும். 5 என்று தொடங்குவது, சர்வரின் பக்கத்தில் குறை என்பதைக் காட்டும்.

401: அடையாளம் தரப்படவில்லை, அல்லது ஏற்கப்படவில்லை.
403: கோரிக்கை புரிந்தது, அனுமதி இல்லை.
404: கேட்ட முகவரியில் ஒன்றும் இல்லை. நிர்வாகப் பக்கத்தின் முகவரி மாற்றப்பட்டிருந்தாலும் இவ்வெண் வரும்.
413: அனுப்பிய கோப்பு வரம்பை மீறியது. என்ஜின்எக்ஸ் சர்வரில் இயல்பான வரம்பு 1 மெகாபைட் மட்டுமே.
429: குறுகிய காலத்தில் மிகுதியான முயற்சிகள், சிறிது பொறுத்தல் வேண்டும்.
500: சர்வரில் இயங்கும் மென்பொருளில் பிழை.
503: சேவை தற்காலிகமாகக் கிடைக்கவில்லை.

5 என்று தொடங்கும் எண் வரும்போது, திருத்துவோர் தம் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனொன்றும் இல்லை. எண், நேரம், செய்துகொண்டிருந்த செயல் ஆகிய மூன்றையும் குறித்து, சர்வரை நிர்வகிப்பவருக்கு அனுப்ப வேண்டும். சர்வரின் பதிவேட்டில் அதே நேரத்துக்குரிய வரியை அவர் எளிதில் தேடிக் காண்பார்.

செயலிகள் வழியாகத் திருத்துதல்

தளத்தை உலாவியிலேயே திருத்தும் எண்ணம் புதியதன்று. செர்ன் ஆய்வகத்தில் 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் உலாவி, பக்கங்களைப் படிக்கவும் எழுதவும் உதவிற்று. பின்னர்ப் பரவிய உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கே அமைந்தன. கோப்புகளைத் தொலைவுக்கு அனுப்ப எஃப்.டி.பி. முறை நெடுங்காலம் கைகொடுத்தது. அதன் முதல் விதிமுறையை 1971-இல் எழுதியவர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பயின்று பின் அமெரிக்கா சென்ற அபய் பூஷண் ஆவார். அம்முறையில் கடவுச்சொல் மறையாக்கமின்றிச் செல்வதால், இன்று அது தவிர்க்கத்தக்கது.

2003-இல் வெளிவந்த வேர்டுபிரஸ் அமைப்பில், உலாவி இன்றிச் செயலிகள் வழியாகவும் திருத்த இடமுண்டு. இதற்கு முதலில் பயன்பட்டது எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. என்னும் இடைமுகம். 2012-இல் வந்த 3.5 பதிப்பு முதல் அது இயல்பாகவே திறந்திருந்தது. கடவுச்சொல்லை ஊகித்துத் தாக்குவோர் அவ்வழியைப் பயன்படுத்தியதால், பல சர்வர்களில் அது அடைக்கப்பட்டுள்ளது. அதற்குரிய முகவரியை உலாவியில் திறந்தால், இயல்பு நிலையில் 405 என்னும் எண்ணுடன், தகவல் அனுப்பும் கோரிக்கைகளை மட்டுமே ஏற்பதாக ஒரு வரி வரும். இது குறையன்று, இடைமுகம் உயிருடன் இருப்பதன் அறிகுறி. 403 வந்தால் அது அடைக்கப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

2016-இல் வந்த 4.7 பதிப்பில் ரெஸ்ட் என்னும் புதிய இடைமுகம் முழுமை பெற்றது. 2020-இல் வந்த 5.6 பதிப்பில், செயலிகளுக்கென்றே தனிக் கடவுச்சொல் வழங்கும் வசதி ஏற்பட்டது. இக்கடவுச்சொல் சாதாரண நுழைவுப் படிவத்தில் செல்லாது. சாதாரணக் கடவுச்சொல் ரெஸ்ட் வழியே வரும் செயலிக்குச் செல்லாது. இவ்விரண்டையும் மாற்றித் தருவதால் நேரும் 401 அடிக்கடி காணப்படுவதாகும். செயலி ஒன்று தேவையற்றுப் போனாலோ கைப்பேசி காணாமற் போனாலோ, அதற்குரிய கடவுச்சொல்லை மட்டும் தனியே நீக்கிவிடலாம் என்பது இதன் நன்மை.

செய்யத் தகாதவை

தளம் பிறருக்கு உரியது. திருத்துவோர் கையிலுள்ள உரிமை அவர்கள் ஒப்படைத்தது. ஆகவே, அவசரத்தை முன்னிட்டும் சில காரியங்கள் செய்யத் தகாதவை. ஒருவர் கடவுச்சொல்லை மற்றொருவர் பயன்படுத்தினால், யார் எதை மாற்றினர் என்று பதிவேட்டைக் கொண்டு அறிய முடியாமற்போகும். எல்லோர்க்கும் தலைமை நிர்வாக உரிமை அளிப்பது, ஒரு கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் கழற்றி வைப்பதாகும். சோதனைக்காகக் காப்பரணை நிறுத்துதல், சான்றிதழ் எச்சரிக்கையைப் புறக்கணித்துக் கடவுச்சொல்லைத் தருதல் ஆகியனவும் விலக்கத்தக்கவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பயன் தராவிடில், அடுத்ததை மாற்றுமுன் பழைய நிலைக்குக் கொணர வேண்டும்.

களப்பணிக்குப் புறப்படும் முன்னரே வி.பி.என். இணைப்பைக் கைப்பேசி இணையத்தில் ஒரு முறை இயக்கிப் பார்த்தல், குறியீட்டுச் செயலிக்கு மாற்றாக வழங்கப்படும் மீட்புக் குறியீடுகளைப் பத்திரமாக வைத்தல், நிலையத்திலும் சர்வர் நிர்வாகத்திலும் அழைக்க வேண்டியவர்களின் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதிவைத்தல் ஆகிய மூன்றும் மிகுந்த பயன் தரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

இப்பாடத்தைக் கணினி இன்றியும் வகுப்பில் விளக்கலாம். எட்டு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் மேற்கூறிய கண்ணி ஒன்றின் பெயரைத் தருக. முதல் மாணவரிடம் மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்துக் கைமாற்றச் செய்க. மற்றவர்கள் கண்களை மூடியிருக்க, எவரேனும் ஒருவர் சீட்டைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளட்டும். பிற மாணவர்கள், 'சீட்டு உன்னைக் கடந்து சென்றதா?' என்ற கேள்வியை மட்டும் கேட்டு அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டால் ஏழு கேள்விகள் வரை தேவைப்படலாம். நான்காம் மாணவரை முதலில் கேட்டு, விடைக்கேற்பப் பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே சென்றால் மூன்று கேள்விகள் போதும். இதனை மாணவர்கள் தாமே செய்து காண்பது நன்று.

பயிற்சி வினாக்கள்

1. உள்ளே நுழைந்தவருக்குப் புதிய பக்கமும், வெளியிலுள்ளவருக்குப் பழைய பக்கமும் தெரிவதற்குக் காரணம் என்ன?
2. நுழைவுப் படிவம் தோன்றுமுன் வரும் 403, கடவுச்சொல்லைப் பற்றி எதையேனும் கூறுகிறதா? விளக்குக.
3. ஆசிரியர் ஒருவர் கட்டுரையை எழுதிச் சேமிக்கிறார். வெளியிடும் பொத்தான் மட்டும் காணப்படவில்லை. எட்டுக் கண்ணிகளுள் எது ஆராயத்தக்கது?
4. எடுத்துக்காட்டில், திருத்தம் முடிந்ததை ஊழியர் தம் மடிக்கணினியில் சரிபார்க்காமல், உழவரின் கைப்பேசியில் சரிபார்த்தது ஏன்?